அப்பா அம்மாவை காட்டுக்கு அனுப்புவோமா?

ராமாயணத்துல அப்பா சொல்லி பையன் காட்டுக்குப் போனான். அதைக் கொஞ்சம் உல்டா பண்ணி, பசங்க சொல்லி அப்பா-அம்மா காட்டுக்குப் போனா எப்படி இருக்கும்? பதினாலு வருஷமெல்லாம் வேணாம் பாஸ்... ஒரே ஒரு சனி, ஒரே ஒரு ஞாயிறு. கூட நீங்க கிடையாது, தம்பி தங்கச்சி கிடையாது, பாட்டி கிடையாது. அவங்க ரெண்டே பேர்!

சிரிக்காதீங்க. வீட்டுல இருக்கற பழைய போட்டோ ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. கல்யாண போட்டோ முடிஞ்சதும், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்லயோ கொடைக்கானல் ஏரியிலயோ ரெண்டு பேரும் வெட்கத்தோட தள்ளித் தள்ளி நிக்கற படம் ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுக்கு அடுத்த பக்கத்துல நீங்க வந்துடுறீங்க, மொட்டைத் தலையும் கன்னத்துல மையுமா! அதுக்கப்புறம் எல்லா படத்துலயும் நடுவுல நீங்கதான். அவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கற அடுத்த போட்டோ எங்கே? தேடிப் பாருங்க. ரேஷன் கார்டுக்கு எடுத்ததெல்லாம் கணக்குல வராது!

கல்யாணத்துக்குப் போனாங்க, காதுகுத்துக்குப் போனாங்க, பழனிக்குப் போனாங்க, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. எல்லாமே யாருக்காகவோ போன பயணம். சும்மா, தங்களுக்காக, ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போய் நடந்து எத்தனை வருஷமாச்சு?

இப்ப விட்டா அப்புறம் எப்போ?

இதுவரைக்கும் அவங்களால போக முடியல. ப்ளஸ் டூ, டியூஷன், கவுன்சலிங்னு உங்களை விட்டுட்டு நகர முடியாது. சரி, இனிமே? உங்க படிப்பு முடியும். வேலை, லோன், அக்கா கல்யாணம், உங்க கல்யாணம்னு அடுத்தடுத்து வரும். அப்புறம் ஒரு நாள் நீங்களே போன் போட்டு, 'குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்லம்மா, வந்து இருங்களேன்'னு கூப்பிடுவீங்க. கண்டிப்பா கூப்பிடுவீங்க! அவங்களும் ஓடி வருவாங்க. அதுக்குள்ள முட்டி வலி, சுகர், பிரஷர்னு ஒவ்வொண்ணா வந்து சேரும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. நீங்க காலேஜ்ல இருக்கற இந்த மூணு, நாலு வருஷம். நீங்க தனியா சாப்பிட்டுத் தூங்கிக்குவீங்க, அவங்க காலும் இன்னும் நல்லா இருக்கு. அந்தச் சந்துல ஒரு வார இறுதியை அவங்களுக்குப் பிடிச்சுக் குடுங்க.

ஏன் காடு? ஏன் தேக்கடி?

ஊட்டியில கூட்டம், கொடைக்கானல்ல டிராஃபிக். கோயிலுக்கு அனுப்பினா உங்க பேருக்கு அர்ச்சனை பண்றதுலயே அரை நாள் போயிடும். காட்டுல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல. அங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்... நடக்கணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்குத் தேக்கடி ரொம்ப வசதி. அது பெரியார் புலிகள் காப்பகம். 1950-ல சரணாலயம் ஆச்சு, 1978-ல புலிகள் காப்பகம் ஆச்சு, 1982-ல அதோட உட்பகுதி தேசியப் பூங்கா ஆச்சு. மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். கேரளாதான், ஆனா வாசல் நம்ம வாசல். மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறினா உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் தாண்டி நேரா குமுளி. கிட்டத்தட்ட நாலு மணி நேரம். தமிழ்நாட்டு பஸ்லேர்ந்து இறங்கி, செக்போஸ்ட்டை நடந்தே தாண்டினா அந்தப் பக்கம் கேரளா. டீக்கடையில தமிழ்லயே கேக்கலாம். அம்மாவுக்கு 'பாஷை தெரியாத ஊரு'ங்கற பயமே வேணாம்.

வழியே ஒரு படம் மாதிரி ஓடும். கம்பம் பக்கம் வந்ததும் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், இன்னொரு பக்கம் பச்சைப் பசேல்னு நெல்லு. எதிர்ல சுவர் மாதிரி மலை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா, மேலேர்ந்து கீழ வரைக்கும் ராட்சசக் குழாய்கள் இறங்குறது தெரியும். அது சும்மா குழாய் இல்ல, பெரியாறு தண்ணி. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆத்தை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினார் பென்னிகுக். 1895-ல முடிஞ்ச வேலை. அந்தத் தண்ணிதான் குழாய்ல இறங்கி மின்சாரம் ஆகி, கம்பம் பள்ளத்தாக்குல நெல்லு ஆகி, வைகையில சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போகுது. லோயர் கேம்ப்ல 2013-ல பென்னிகுக்குக்கு மணிமண்டபம் திறந்தாங்க. இந்தப் பக்கத்துல குழந்தைங்களுக்கு அவர் பேரையே வெச்சிருக்காங்க.

நீங்க மதுரைப் பக்கம்னா இதை யோசிச்சுப் பாருங்க. அம்மா இத்தனை வருஷமா வடிச்சுக் கொட்டின சோத்துல பாதிக்கு மேல இந்தத் தண்ணியில வெளைஞ்சதா இருக்கலாம். அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு அம்மா ஒரு தடவை பாக்க வேணாமா?

வரிசையில நட, வாயை மூடு!

தேக்கடின்னாலே எல்லாரும் போட்டிங் போயிட்டுத் திரும்பிடுவாங்க. போட்டிங் நல்லாத்தான் இருக்கும். 26 சதுர கிலோமீட்டர் ஏரி. அணை கட்டினப்ப மூழ்கின மரங்க இன்னமும் மொட்டையா தண்ணிக்கு மேல நிக்கும், அது உச்சியில நீர்க்காகம் சிறகை விரிச்சுக் காய வெச்சுட்டு உக்காந்திருக்கும். ஆனா நிஜமான தேக்கடி நடக்கறதுலதான் இருக்கு.

வனத்துறையே நடத்துற நடைப் பயணங்க இருக்கு. சின்னது, மூணு மணி நேர நேச்சர் வாக். காலையிலயும் போகலாம், மதியமும் போகலாம். பெருசு, 'பார்டர் ஹைக்கிங்'னு ஒரு முழு நாள் நடை. காப்பகத்தோட எல்லையை ஒட்டி, கிட்டத்தட்ட 900 மீட்டர்லேர்ந்து 1,300 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறி இறங்கணும். ஒரு பக்கம் அடர்ந்த காடு, இன்னொரு பக்கம் கீழ கம்பம் பள்ளத்தாக்கு. காலையில பஸ்ல வந்த ரோடு நூல் மாதிரி தெரியும்.

எதுல போனாலும் தனியா விட மாட்டாங்க. வழிகாட்டி ஒருத்தர் முன்னாடி போவார், பின்னாடி நாலஞ்சு பேர் வரிசையா. ரூல்ஸ் சிம்பிள். சத்தம் போடக் கூடாது. சென்ட் அடிச்சுட்டு வரக் கூடாது. கலர் கலரா சட்டை கூடாது, பச்சையோ காக்கியோ நல்லது. வழிகாட்டி கையைத் தூக்கினா அப்படியே நிக்கணும்.

இந்த 'சத்தம் போடக் கூடாது'ங்கற ரூல்தான் விஷயமே! வீட்டுல அப்பாவும் அம்மாவும் என்ன பேசிக்கறாங்கன்னு ஒரு நாள் காது குடுத்துக் கேளுங்க. 'செமஸ்டர் ஃபீஸ் எப்பக் கட்டணும்?' 'அவன் போன் பண்ணானா?' 'கேஸ் புக் பண்ணியாச்சா?' எல்லாம் வீட்டு நிர்வாகம், அதுல முக்கால்வாசி நீங்க. காட்டுல மூணு மணி நேரம் அந்தப் பேச்சு நடக்காது. பேச்சு நின்னதும் முதல் பத்து நிமிஷம் ரெண்டு பேருக்கும் என்ன பண்றதுன்னே தெரியாது. அப்புறம் கண்ணு வேலை செய்ய ஆரம்பிக்கும். மேல கிளையில மலை அணில் ஒண்ணு, பூனை சைஸ்ல, வாலைத் தொங்கப் போட்டுட்டுத் தாவும். அம்மாதான் முதல்ல பாப்பாங்க. அப்பாவோட முழங்கையைத் தட்டி, தாடையால காட்டுவாங்க. அப்பா தப்பான மரத்தைப் பாப்பார். அம்மா தலையில அடிச்சுக்குவாங்க. ஒரு வார்த்தை பேசாம எவ்ளோ நடக்குது பாருங்க!

புலி பாக்கலாமான்னு கேட்டா, நம்பிப் போகாதீங்க. பெரும்பாலானவங்க பாக்கறது புலியோட கால் தடமும் மரத்துல கிழிச்ச நகக்கீறலும்தான். ஆனா காட்டெருது, கடமான், கருமந்தி கண்ணுல படலாம், ஏரி ஓரத்துல நீர்நாய்க் கூட்டமோ தூரத்துல யானையோ தெரியலாம். எதுவுமே வரலேன்னாகூட, வழிகாட்டி யானைச் சாணத்தைக் குச்சியால கிளறி, எப்ப போச்சு, என்ன சாப்பிட்டுச்சுன்னு சொல்றதைக் கேக்கறதே தனி ரகம்.

அந்த வழிகாட்டி யாரு தெரியுமா?

இங்க ஒரு சூப்பர் கதை இருக்கு. தேக்கடியில காட்டுக்குள்ளயே தங்கி நடக்கற 'டைகர் டிரெயில்'னு ஒரு பயணம் உண்டு. அதுல கூட்டிட்டுப் போறவங்க, ஒரு காலத்துல இதே காட்டுல திருடினவங்க! வயணா மரத்தோட பட்டையை உரிச்சுக் கடத்தினவங்க. ராத்திரியோட ராத்திரியா காட்டுக்குள்ள போய், நாள் கணக்குல ஒளிஞ்சிருந்து, தலைச்சுமையா தூக்கிட்டு வந்து வித்தவங்க. மேல கேஸு, பின்னாடி வனத்துறை, வீட்டுல பட்டினி. 1996-ல ஆரம்பிச்ச சூழல் மேம்பாட்டுத் திட்டத்துல வனத்துறை அவங்களோட உக்காந்து பேசிச்சு. காட்டோட ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் இவங்களுக்குத்தானே தெரியும்? திருட்டை விட்டாங்க, வழிகாட்டி ஆனாங்க, ரோந்து போக ஆரம்பிச்சாங்க. மன்னான், பளியர் பழங்குடி மக்களும் இங்க வழிகாட்டியா இருக்காங்க.

இன்னொரு கதை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். 2002-லேர்ந்து 'வசந்த சேனா'ன்னு ஒரு பெண்கள் குழு. பக்கத்து ஊர்ப் பெண்கள்தான். வீட்டு வேலையை முடிச்சுட்டு, முறை வெச்சு, சம்பளம் எதுவும் வாங்காம காட்டுக்குள்ள ரோந்து போறாங்க. சந்தன மரத்தை வெட்ட வர்றவன் முன்னாடி நிக்கறது இவங்க! 'இந்த வயசுல நான் காட்டுல நடக்கறதா'ன்னு அம்மா இழுத்தா, இதைச் சொல்லுங்க.

அதிர்ஷ்டம் இருந்தா தலைக்கு மேல ரயில் இன்ஜின் மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். இருவாச்சி பறக்கற சத்தம் அது. இந்தப் பறவையோட குடும்பக் கதை இருக்கே... முட்டையிடற நேரத்துல பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும். ஒரு சின்னக் கீறல் மட்டும் விடும். மாசக்கணக்குல ஆண்தான் பழம் பறிச்சுட்டு வந்து அந்தக் கீறல் வழியா அதுக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளியே. வழிகாட்டி இதைச் சொல்றப்ப உங்க அப்பா அம்மாவைப் பாப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது, ஆனா அம்மா அப்பாவைப் பாப்பாங்கன்னு தோணுது. ஒரு விஷயம் கவனிங்க... இருவாச்சிக்குக்கூட பொந்து ஒரு நாள் திறக்கும். வெளிய வந்து மறுபடி ஜோடியா பறக்கும்.

இந்தக் காப்பகத்து எல்லை மலையிலதான் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இருக்கு. மதுரையை எரிச்சுட்டு வந்த கண்ணகியை, கோவலன் வானத்துலேர்ந்து வந்து கூட்டிட்டுப் போன இடம்னு நம்பிக்கை. வருஷத்துல ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும்தான் பொதுமக்களை விடுவாங்க. அதனால மத்த நாள்ல இதைப் பாக்கற பிளான் வேணாம்.

சம்மதிக்க வைக்கறது எப்படி?

இதுதான் மலை ஏறறதைவிடக் கஷ்டம்! டயலாக் எல்லாம் முன்னாடியே தெரியும்.

அம்மா: "அந்தக் காசுக்கு ஒரு குக்கர் வாங்கலாம்டா. வீட்டை யாரு பாத்துக்கறது?"

அப்பா: "யானையை நான் மதுரைக் கோயில்லயே பாத்தாச்சு. லீவு கிடையாது."

ஐடியா கேட்டுட்டு நிக்காதீங்க. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு சினிமாவைத் தியாகம் பண்ணுங்க. பாக்கெட் மணி, பார்ட் டைம் காசு, ஸ்காலர்ஷிப் மிச்சம், எது கிடைக்குதோ சேருங்க. ரூமும் நடைப் பயணமும் முதல்ல புக் பண்ணிடுங்க, அப்புறமா சொல்லுங்க: "இப்ப வேணாம்னா காசு திரும்ப வராதுப்பா." சந்தோஷத்துக்காகக் கிளம்பாத அப்பாக்கள், காசு வீணாகக் கூடாதுன்னு கண்டிப்பா கிளம்புவாங்க!

அடுத்தது ஷூ. உங்க ஷூ சைஸ் அம்மாவுக்குத் தெரியும், எல்.கே.ஜி-லேர்ந்து ஒவ்வொரு வருஷமும் வாங்கினவங்க. அம்மாவோட செருப்பு சைஸ் உங்களுக்குத் தெரியுமா? பல அம்மாக்கள் வாழ்க்கையில ஒரு தடவைகூட ஷூ போட்டதில்ல. ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிக் குடுத்து, ரெண்டு வாரம் முன்னாடியே மொட்டை மாடியிலயோ தெருவுலயோ நடந்து பழகச் சொல்லுங்க. இல்லேன்னா காட்டுல கால் கடிக்கும். புடவை வேணாம், சுடிதார் பெஸ்ட். காரணம், அட்டை! மழை நாள்ல கால் வழியா ஏறிடும். முட்டி வரைக்கும் வர்ற அட்டை உறை அங்கயே கிடைக்கும். கடிச்சாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, லேசா ரத்தம் வரும், நின்னுடும்.

அப்பா இல்லாத வீடா? அம்மாவையும் சித்தியையும் அனுப்புங்க. அம்மா இல்லையா? அப்பாவையும் அவரோட பழைய காலேஜ் ஃப்ரெண்டையும் அனுப்புங்க. யாரா இருந்தாலும், வேற யாருக்காகவும் இல்லாம ரெண்டு நாள் நடக்கணும். அதான் கணக்கு.

ஒரே ஒரு கண்டிஷன் உங்களுக்கு. போன் பண்ணாதீங்க! காட்டுக்குள்ள பல இடத்துல டவர் கிடைக்காது. ஆனா வெளிய வந்ததும் 'பதினாலு மிஸ்டு கால்'னு இருந்தா, அவங்க மறுபடி அப்பா-அம்மாவா மாறிடுவாங்க. போய்ச் சேர்ந்ததும் ஒண்ணு, கிளம்பினதும் ஒண்ணுன்னு ரெண்டு எஸ்.எம்.எஸ். போதும். டே-ஸ்காலரா இருந்தா ரெண்டு நாள் சோத்தை நீங்களே வடிங்க. பாத்திரத்தையும் கழுவி வைங்க, ப்ளீஸ்!

ஞாயித்துக்கிழமை ராத்திரி அலுப்போட வந்து இறங்குவாங்க. ஏலக்காய், மிளகு, நேந்திரங்காய் சிப்ஸ்னு பையில இருக்கும். நீங்க 'புலி பாத்தீங்களா?'ன்னு கேப்பீங்க. அப்பா இல்லேம்பார். அம்மா அவரைப் பாத்து எதுக்கோ சிரிப்பாங்க. 'என்னது, என்ன ஆச்சு?'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, போய்த் தூங்கு'ம்பாங்க. விட்டுடுங்க. அது உங்களுக்கான விஷயம் இல்ல!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* எப்போ: டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் இதமான குளிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும் ஜாஸ்தி. கார்த்திகை, மார்கழியில சபரிமலை பக்தர்கள் கூட்டத்துல குமுளி நிரம்பி வழியும், ரூம் கிடைக்கறது கஷ்டம். ஜனவரி கடைசி, பிப்ரவரி பெஸ்ட்.

* எப்படி: மதுரையிலேர்ந்து நேரடி பஸ். ரயில்தான் பிடிக்கும்னா, 2022-லேர்ந்து மதுரை-தேனி அகலப் பாதையில ரயில் ஓடுது. தேனியில இறங்கி குமுளி பஸ் பிடிக்கலாம்.

* எதுல நடக்கலாம்: முட்டி வலி இருந்தா மூணு மணி நேர நடை போதும். தினமும் வாக்கிங் போறவங்களுக்கு முழு நாள் நடை ஓகே. இதய நோய், மூச்சுத் திணறல் இருந்தா டாக்டரைக் கேக்காம அனுப்பாதீங்க.

* புக்கிங்: நடைப் பயணத்துக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவாங்க. வனத்துறை இணையதளத்துல முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க. கட்டணமும் நேரமும் மாறும், அப்பவே பாத்துக்கோங்க. அடையாள அட்டையை மறக்க வேணாம்.

* பையில: தண்ணி, சுகர்-பிரஷர் மாத்திரை, கொஞ்சம் பிஸ்கட், தொப்பி, மழைக்கோட்டு, மாத்து சாக்ஸ். பிளாஸ்டிக் கவர் வேணாம்.

* போட்டிங் போனா: லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மிருகம் தெரிஞ்சாலும் எழுந்து ஒரே பக்கம் ஓடக் கூடாது. 2009 செப்டம்பர் 30-ம் தேதி இதே ஏரியில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. இதை அப்பாகிட்ட மறக்காம சொல்லி அனுப்புங்க.

* கேமரா: கட்டாயம் குடுங்க. ஆல்பத்துல ஒரு பக்கம் காலியா இருக்கு!